“போன தடவை போனப்புறம் எப்போ எழுந்து நடமாடினீங்க?”

ஏழு வருஷமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் இருக்கிறேன். ஐந்து வருஷம் ஒரு மையம், கடைசி இரண்டு வருஷம் இப்போது போகிற மையம். மெஷின் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான். இடம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பழைய இடத்தில் எடை பார்ப்பார்கள், உடம்பில் தங்கி ஏறிய நீரின் அளவை மெஷினில் போடுவார்கள், நாலு மணி நேரத்தில் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். என் எடை 58 கிலோ. மூன்றரை லிட்டர் சேர்ந்திருந்தால் மூன்றரையும் அன்றைக்கே. மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், பிபி சரியும், காலை உயர்த்தி வைத்து சலைன் ஏற்றுவார்கள். “தண்ணியைக் குறைச்சிருக்கணும்” என்று ஒரு வார்த்தை. வீட்டுக்கு வந்து படுத்தால் மறுநாள் விடியும்வரை எழுந்திருக்க முடியாது. டயாலிசிஸ் என்றாலே இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

புதிய இடத்தில் முதல் நாளே சிஸ்டர் தலைப்பில் உள்ள கேள்வியைக் கேட்டார். ஐந்து வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. சொன்னதைச் சார்ட்டில் எழுதினார், மருத்துவர் அதைப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் நீரை எடுத்தால் இதயத்துக்குச் சுமை. எனக்கு 15 எடுத்துக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் கூட்டியதும் அது 13-க்குள் வந்துவிட்டது. டயாலிசேட் (மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் திரவம்) சூட்டை 37-லிருந்து 36 டிகிரிக்கு இறக்கினார்கள், பிபி சரிவது குறைந்தது. டிரை வெயிட்டையும் (கூடுதல் நீர் போன பிறகு இருக்க வேண்டிய எடை) மறுபடி பார்த்து அரை கிலோ உயர்த்தினார்கள். நான் சதை போட்டிருந்ததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. தாகத்துக்கு உப்புதான் காரணம், உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொல்வது நியாயமில்லை என்றும் அந்த மருத்துவர்தான் சொன்னார். இப்போது வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிடுகிறேன். வாரத்தில் மூன்று சாயங்காலம் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது.

ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) ஊசி போடும்போது இடத்தை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பழைய இடத்தில் சுலபம் என்று ஒரே இடத்தில் குத்தி, அங்கே முண்டு மாதிரி வீங்கிவிட்டது. தினமும் காலையில் ஃபிஸ்டுலாவில் விரல் வைத்து, ரத்தம் ஓடும் அதிர்வைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரும் இங்கே இருக்கிற டெக்னீஷியன்தான். அதிர்வு இல்லையென்றால் அடுத்த முறைவரை காத்திருக்காமல் உடனே கூப்பிட வேண்டும். மாதாந்திர ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பாமல், ரத்தத்தில் யூரியா என்கிற கழிவு எத்தனை சதவீதம் குறைந்தது, 65-க்குக் கீழே போனால் ஏன் கவலை என்று விளக்குகிறார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்று வழி டயாலிசிஸ் பற்றியும், மாற்று சிறுநீரகத்துக்குப் பதிவு செய்வது பற்றியும் முதல் மாதமே பேசினார்கள். முன்பே தெரிந்திருந்தால் எனக்கு அந்த ஐந்து வருஷம் வேறு மாதிரி போயிருக்கும்.

குறைகளும் உண்டு. படுக்கைகளுக்கு நடுவே திரை கிடையாது. பக்கத்தில் ஒருவருக்கு பிபி சரிந்தால் அறையே பார்க்கிறது, அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். டயாலிசேட் சூட்டைக் குறைத்தவர்களுக்குக் குளிர் தாங்காது. ஏசியோ உச்சத்தில் ஓடுகிறது, போர்வையை நாமே கொண்டுபோக வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கான இரவு ஷிஃப்ட்டும் இல்லை. ஒரு இளைஞர் இதனாலேயே முழுநேர வேலையை விட்டுவிட்டார். மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். திரைக்கு அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். இரவு ஷிஃப்ட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை, அடுத்த மாதம் மறுபடி கேட்பேன்.