கண்ணாடி முகப்பா, சுடுமண் ஜாலியா? குளச்சல் சாலையிலிருந்து ஓர் ஒப்பீடு

நாகர்கோவிலிலிருந்து குளச்சல் போகும் சாலையில் எங்கள் ஐந்து மாடி அலுவலகத்துக்கு வரைபடம் போட்டபோது, மேற்கு முகப்பை என்ன செய்வது என்ற பேச்சிலேயே மூன்று மாதம் போனது. முழுக்கக் கண்ணாடியா, இல்லை வெளியே சுடுமண் ஜாலி, அதாவது துளை விட்ட சுடுமண் கற்களை அடுக்கிய சுவர், வைத்து ஜன்னலை உள்ளே தள்ளுவதா? நான் ஜாலிக்காக விடாமல் பேசினேன், ஜாலிதான் வந்தது. அதற்கு முன் ஆறு வருடம் கடலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் பராமரிப்பைப் பார்த்திருக்கிறேன்.

வெயில் கணக்கு எளிது. நம் மாவட்டம் இருப்பது வடக்கே 8 டிகிரியில். தெற்குக்கும் வடக்குக்கும் அகலமான சன்ஷேடு போதும். மேற்கில் மாலை நாலரை மணி வெயில் சாய்ந்து நேராக மேசைக்கு வரும். அதைச் சன்ஷேடு தடுக்காது, ஜாலி தடுக்கும். பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்சட்ட ஜன்னல்களுக்கு உள்ளே நின்றவர்களுக்கு இது தெரியும். ஹைதராபாத்தில் 2004-ல் அப்துல் கலாம் திறந்துவைத்த சிஐஐ (இந்தியத் தொழில் கூட்டமைப்பு) கோத்ரெஜ் பசுமைக் கட்டிடத்திலும் ஜாலிச் சுவர் உண்டு. ஏசிக்கு வேலை குறையும், கரன்ட் பில்லும் குறையும். நல்ல இரட்டைக் கண்ணாடியும் ஓரளவு வெப்பத்தைத் தடுக்கத்தான் செய்யும்.

ஆனால் என் மனதை முடிவு செய்தது பராமரிப்பு. பழைய கட்டிடத்தில் ஆனி, ஆடிக் காற்றில் கண்ணாடி மேல் உப்பு வெள்ளையாகப் படியும். உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும், தண்ணீர் விட்டே கழுவ வேண்டும். அதற்குக் கயிற்றில் ஆள் இறங்க வேண்டும், காற்று வீசினால் இறங்க முடியாது. அழுக்குப் படிவதும் காற்று வீசுவதும் ஒரே மாதங்களில்தான்.

அப்புறம் கசிவு. ஒரு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் மூன்றாம் மாடியில் சொட்டியது. சொட்டிய இடத்தில் இடுக்கை அடைக்கும் சிலிக்கோன் பசையைப் புதிதாக அடித்தோம், நிற்கவில்லை. தண்ணீர் இரண்டு கண்ணாடி தள்ளி நுழைந்து, அலுமினியச் சட்டத்துக்குள்ளேயே ஓடி வந்திருக்கிறது. இரட்டைக் கண்ணாடியின் ஓர அடைப்பு போனால் இன்னும் மோசம். நடுவில் ஈரம் புகுந்து பனி படர்ந்ததுபோல் மங்கும், துடைக்க வழியில்லை, முழுதாக மாற்ற வேண்டும். அப்படி ஒன்று மாற்றுவதற்கு அதே நிறக் கண்ணாடி வெளியூரிலிருந்து வரும்வரை ஏழு வாரம் ப்ளைவுட் அடித்து வைத்திருந்தோம்.

ஜாலிக்கும் ஜன்னலுக்கும் நடுவே நாங்கள் மூன்றடி நடைபாதை விட்டோம். எனக்கு முக்கியம் அதுதான். துப்புரவு செய்யும் அக்கா தரையில் காலூன்றி நடந்தே ஐந்து மாடி ஜன்னலையும் துடைக்கிறார். சாரல் பெரும்பாலும் அந்த மூன்றடியிலேயே விழுந்து வடிந்துவிடும். ஒரு கல் உடைந்தால் உள்ளூர் கொத்தனார் ஒரு மத்தியானத்தில் மாற்றிவிட்டுப் போகிறார். கம்பி போட்ட கான்கிரீட் ஜாலி மட்டும் வேண்டாம். உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்துப் பருத்தால் கான்கிரீட் பிளந்து விழும். எங்கள் கற்களில் கம்பியே இல்லை. தாங்கும் சட்டம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 மலிவுதான், ஆனால் கடல் காற்றில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும்.

ஜாலியில் தொல்லை இல்லாமல் இல்லை. குளவி கூடு கட்டும், புறா வரும், வலை போட வேண்டியிருந்தது. மழை மூடிய நாட்களில் பகலிலேயே விளக்குப் போடுகிறோம். கண்ணாடிக் கட்டிடத்தில் அந்த வெளிச்சம் தாராளமாக இருந்தது.

எங்கள் ஜாலிக்கு வயது நான்குதான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது நான் கண்ணாடிக் கட்டிடத்தில் இருந்தேன், ஒரு கண்ணாடிகூடப் பெயர்ந்து விழவில்லை. அப்படிப்பட்ட காற்றை எங்கள் ஜாலி இன்னும் பார்க்கவில்லை. பத்து, பன்னிரண்டு மாடிக் கட்டிடத்துக்கு இதைப் பரிந்துரைக்கும் அனுபவமும் எனக்கில்லை.

ஐந்தாறு மாடி, கடல் பக்கம் என்றால் ஜாலியையே போடுங்கள். கல் வாங்கும்போதே கூடுதலாக வாங்கிவிடுங்கள், அடுத்த சூளையில் நிறமும் அளவும் மாறிவிடும். எங்கள் மாடிப்படிக்கு அடியில் இன்னும் நூற்றைம்பது கல் அடுக்கி வைத்திருக்கிறேன்.