பெண்களுக்கான ராணுவத் தேர்வுப் பயிற்சி மையம்: மைதானம் அருமை, பேனர் பொய்

தங்கையை ராணுவ அதிகாரித் தேர்வுக்காகத் தாம்பரம் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். வாசலில் பெரிய பேனர், "காலாட்படையில் பெண்களுக்கு வாய்ப்பு" என்று. அப்படி ஒரு வாய்ப்பே இன்னும் கிடையாது. 2023 ஏப்ரலில் பீரங்கிப் படையில் முதல்முறையாக 5 பெண் அதிகாரிகள் சேர்ந்தார்கள், அவர்கள் பயிற்சி முடித்ததும் நம்ம பரங்கிமலை அகாடமியில்தான். ஆனால் காலாட்படையும் டாங்கிப் படையும் பெண்களுக்குத் திறக்கவில்லை. கேட்டால் "சீக்கிரம் வந்துடும்" என்கிறார்கள், ஃபீஸ் மட்டும் இப்போதே வேண்டுமாம்.

சரி, மைதானத்துக்கு வருவோம். அங்கே குறை சொல்ல முடியாது. மாஸ்டர் ஓய்வுபெற்ற சுபேதார், பொண்ணுங்கதானே என்று எதையும் குறைப்பதில்லை, 3 நிமிடத்தில் 10 தடைகளையும் தாண்டுகிற பயிற்சியைப் பையன்களோடு சேர்த்தே ஓடவிடுகிறார், கயிறு ஏறும்போது கை வழுக்குகிறவர்களைத் திட்டாமல் பாதங்களால் கயிற்றை எப்படிப் பிடிப்பது என்று நின்று காட்டுகிறார். மூட்டை தூக்கி ஓடுவதற்கு மட்டும் எல்லாமே ஆண்கள் அளவு பைகள், தோளில் நிற்காமல் இடுப்பை இடிக்கிறது. அமெரிக்க ராணுவமே பெண்களின் உடலுக்கேற்ற கவச உடையைத் தனியாகச் செய்ய வேண்டி வந்தது, இவர்கள் இரண்டு சின்னப் பைகள் வாங்கினால் என்ன!

உளவியல் வகுப்பு சுமார், மனப்பாடப் பதில்கள்தான். பெண்கள் கழிப்பறை ஒன்றே ஒன்று, அதுவும் மாலை பேட்சுக்குப் பூட்டிவிடுகிறார்கள். உடற்பயிற்சிக்கு மட்டும் தனியாகச் சேரலாம், கேட்டால்தான் சொல்வார்கள், அதையே எடுங்கள்.