பலகாரக் கடைச் சத்துமாவு: ஆறு மாதப் பிள்ளைக்கு ஆகுமா?

காரைக்குடிப் பலகாரக் கடைகளில் சீப்புச் சீடைக்கும் மணகோலத்துக்கும் பக்கத்திலேயே இப்போது சத்துமாவுப் பொட்டலமும் கிடைக்கிறது. அப்படி ஒரு அரைக் கிலோ பொட்டலம் பற்றித்தான் இந்த மதிப்புரை. 27 பொருட்கள், கவுனி அரிசி (கறுப்பரிசி) சேர்த்தது, முகப்பில் கொழுகொழுவென்று ஒரு பிள்ளையின் படம், '3 மாதம் முதல் கொடுக்கலாம்' என்று பெரிய எழுத்து.

அந்த எழுத்தே தப்பு. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூடத் தேவையில்லை. பிள்ளை படமும் கூடாது. 2 வயதுக்குட்பட்டவர்களுக்கான உணவுப் பொட்டலத்தில் குழந்தை படமோ பெண் படமோ போடக் கூடாது என்கிறது 1992இல் வந்து 2003இல் திருத்தப்பட்ட சட்டம்.

மாவு நைசாக இருக்கிறது, வறுத்த மணம் பிரமாதம். ஆனால் பொருள் பட்டியலை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. இதில் முதலில் கோதுமை, அடுத்து ஜவ்வரிசி. ஜவ்வரிசி வெறும் மாவுச்சத்து. பாதாம், பிஸ்தா கடைசியில், பேருக்கு. கவுனி கஞ்சியை ஊதாவாக்கும். அதன் தவிட்டு நார் பெரியவர்களுக்கு நல்லது, சின்ன வயிற்றில் இடத்தைத்தான் அடைக்கும். அதோடு 27 பொருளையும் ஒரே நாளில் கொடுத்துப் பிள்ளைக்குத் தடிப்பு வந்தால் எதனால் என்று யார் சொல்வது? புதுப் பொருளை ஒவ்வொன்றாக, மூன்று நாள் இடைவெளியில் சேர்ப்பதே முறை.

பெரிய குறை பின்பக்கச் செய்முறையில். இரண்டு டீஸ்பூன் மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்கிறது. குவித்து எடுத்தாலும் அது சுமார் 10 கிராம் மாவுதான், 40 கலோரிகூட வராது. 6 முதல் 8 மாதப் பிள்ளைக்குத் தாய்ப்பால் போக ஒரு நாளைக்கு 200 கலோரி உணவிலிருந்து வர வேண்டும். ஏழு கிலோ பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு 200 மில்லி அளவுதான் கொள்ளும். அதைத் தண்ணீரால் நிரப்பினால் தாய்ப்பாலும் குறையும், எடையும் ஏறாது. 'கெட்டியாக் குடுத்தா செரிக்காது' என்று அப்பத்தாக்கள் சொல்வதைக் கேட்டு இன்னும் நீர்க்க வைப்பதும், பால்புட்டி ரப்பரில் ஓட்டையைப் பெரிதாக்கி ஊற்றுவதும் இந்தப் பக்கம் உண்டு. புட்டியோடு வயிற்றுப்போக்கும் வரும்.

25 கிராம் மாவை (தலைதட்டிய மூன்று மேசைக்கரண்டி) 150 மில்லி பச்சைத் தண்ணீரில் முதலில் கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும். சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் கிண்டி, இறக்கும்போது ஒரு டீஸ்பூன் நெய். கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் மெதுவாக விழ வேண்டும். தொடக்கத்தில் இரண்டு மூன்று கரண்டி, போகப் போக அரைக் கிண்ணம், நாளைக்கு இரண்டு மூன்று வேளை. ஒரு வயதுவரை உப்பும் தேனும் வேண்டாம். சர்க்கரை 2 வயதுவரை வேண்டாம்.

'முளைகட்டியது' என்றும் போட்டிருக்கிறார்கள். முளைவிட்ட கேப்பையில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி இருக்கும். மாவைக் கூட்டிப் போட்டாலும் களியாக இறுகாமல் கஞ்சி இளகும். ஆனால் சிவக்க வறுத்தால் அது செத்துவிடும். கெட்டிக் கஞ்சியைச் சற்று ஆறவிட்டு, சூடு இருக்கும்போதே இந்த மாவில் அரைக் கரண்டி கலந்து சில நிமிடம் பாருங்கள். இளகவில்லை என்றால் முளைகட்டியதால் ஒரு பயனும் மிஞ்சவில்லை. (இளகினாலும் மறுபடி ஒரு கொதி விட்டே கொடுக்க வேண்டும்.) இந்த மாவு இளகவில்லை.

அங்கன்வாடியில் இலவசமாகத் தரும் சத்துமாவில் முளைகட்டிய கேழ்வரகும் வைட்டமின், தாதுக் கலவையும் உண்டு. வெல்லமும் சேர்ந்தே வருவது ஒரு குறைதான், அதனால் மேலே இனிப்பு போடாதீர்கள். இலவசம் என்பதாலேயே அதை ஆட்டுக்குட்டிக்குப் போட்டுவிட்டுக் கடையில் காசு கொடுப்பது வீண். எந்த மாவானாலும் இரும்புச்சத்துக்கு அது மட்டும் போதாது. நன்றாக வெந்த முட்டை, மசித்த ஈரல், எலுமிச்சை இரண்டு சொட்டு விட்ட கீரை இவையும் ஆறு மாதத்துக்குப் பின் வேண்டும்.

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு, மற்ற உணவோடு, இந்தப் பொட்டலம் பரவாயில்லை. ஆனால் நாள்பட்டால் பாதாம், பிஸ்தா எண்ணெய் கக்கிச் சிக்குவாடை அடிக்கும். கால் கிலோவாகக் கேளுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள். சின்னப் பிள்ளைக்கு வீட்டிலேயே மூன்று பங்கு முளைக்கேப்பை, ஒரு பங்கு வறுத்த பாசிப்பருப்பு போதும். மில்லில் முந்தின ஆள் மிளகாய் அரைத்திருப்பார். முதலில் இரண்டு கைப்பிடி பச்சரிசியை ஓட்டி அதைத் தனியே எடுத்துவிட்டு அப்புறம் அரைக்கச் சொல்லுங்கள்.