கங்காரு அணைப்புத் துணி: ஆறு வாரப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எங்கள் மகள் 33ஆம் வாரத்தில் 1,640 கிராம் எடையோடு பிறந்தாள். சிசேரியன் முடிந்த என் மனைவி எழுந்து உட்கார மறுநாள் வரை ஆனதால், குழந்தையை முதலில் மார்போடு அணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தொப்பியும் டயப்பரும் காலுறையும் மட்டும் அணிவித்து, அந்தச் சிறு உடலை என் வெறும் நெஞ்சின் மீது நிமிர்த்தி வைத்து, இருவரையும் சேர்த்து ஒரு துணியால் கட்டினார் செவிலியர். கங்காரு தன் குட்டியைச் சுமப்பது போன்ற இந்த முறையைத்தான் கங்காரு அணைப்பு என்கிறார்கள். அதே வகைத் துணியை நாங்களும் வாங்கி, மருத்துவமனையிலும் வீட்டிலுமாக ஆறு வாரங்கள் பயன்படுத்தினோம்.

எத்தனை மணி நேரம் சிரமமின்றிக் கட்டிக்கொண்டிருக்க முடிகிறது என்பதைக் கொண்டே இத்தகைய துணியை மதிப்பிட வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் இந்த அணைப்பைப் பிறந்தவுடனேயே தொடங்கி, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. வெறும் கைகளால் அவ்வளவு நேரம் ஏந்தியிருக்க எவராலும் இயலாது. தோள் மரத்துப்போகும், குழந்தையும் மெல்லச் சரியத் தொடங்கும். துணியைக் கட்டிய பிறகு கைகள் இரண்டும் விடுபட்டன. எழுந்து நடக்கவும், தண்ணீர் எடுத்துக் குடிக்கவும் முடிந்தது. நாங்கள் இருவரும் மாறி மாறி அணைத்து, பெரும்பாலான நாள்களில் பதினொரு மணி நேரத்தைத் தொட்டோம். இந்த ஒன்றிற்காகவே இதனை நல்ல பொருள் என்பேன்.

கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாமல் தவித்த மருத்துவமனையொன்றில், எட்கர் ரேய், எக்டர் மார்த்தினெஸ் என்னும் மருத்துவர்கள் 1970களின் இறுதியில் தொடங்கிய முறை இது. வசதியில்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடு என்று இன்று எவரும் இதனை ஒதுக்கிவிட முடியாது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடன் அணைப்பு தொடங்கப்பட்டவர்களில் 28 நாள்களுக்குள் இறந்தோர் 12 விழுக்காடு. உடல்நிலை சீரான பிறகு தொடங்கப்பட்டவர்களில் அது 15.7 விழுக்காடு. எங்கள் மகளின் எடையும் அந்த வரம்புக்குள் இருந்ததால், இந்த எண்களை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை.

நாங்கள் கண்கூடாகக் கண்டதையும் சொல்ல வேண்டும். ஒரு மாலையில் 36.2 டிகிரி செல்சியஸாக இறங்கியிருந்த அவள் உடல் வெப்பம், என் நெஞ்சில் கிடந்த ஒரு மணி நேரத்துக்குள் 36.8க்கு வந்தது. குதிகாலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும்போது, அணைப்பில் இருந்தால் அழுகை சீக்கிரம் அடங்கியது. மூன்றாம் நாள் தாயின் மார்பில் கட்டியபோது, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி அவளாகவே முலைக்காம்பைத் தேடினாள். அதன் பிறகே என் மனைவிக்குப் பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கியது. தோல் தோலைத் தொடும்போது தாயின் உடலில் ஆக்சிடோசின் கூடுகிறது, அதுவே பாலை இறக்கித் தருகிறது என்று மருத்துவர் விளக்கினார். அன்று வரை தன்னால் குழந்தைக்கு எதுவும் செய்ய முடியவில்லையே என்று கலங்கிக்கொண்டிருந்த என் மனைவி, அதன் பிறகு மகளை வார்மருக்கு (குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் கருவிக்கு) அனுப்பவே மனமில்லாமல் இருந்தார்.

குறைகளும் உண்டு. பக்கவாட்டு ஒட்டுப்பட்டை நான்காம் வாரத்தில் பிடிப்பை இழந்தது; தினமும் துவைக்க வேண்டிய துணிக்கு இது பெரிய குறை. அளவு பெண்களுக்கென்றே வைக்கப்பட்டிருப்பதால், என் மார்பில் இழுத்துத்தான் கட்ட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் விட எனக்கு வருத்தம் தந்தது, உடன் வந்த குறிப்புத்தாளில் குழந்தையின் மூச்சுப்பாதையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான். தலை ஒரு பக்கமாகத் திரும்பிச் சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். மோவாய் நெஞ்சில் புதையக் கூடாது. மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கால்கள் தவளையின் கால்களைப் போல மடிந்திருக்க வேண்டும். துணியின் மேல் விளிம்பு காதுக்குச் சற்றுக் கீழே வரும்படி கட்ட வேண்டும். இவற்றையெல்லாம் செவிலியர் கையைப் பிடித்துச் சொல்லித் தந்ததால்தான் அறிந்தோம். அணைத்தபடியே கண் அயர்ந்துவிடும் அளவுக்குக் களைப்பாக இருந்தால், விழித்திருக்கும் ஒருவர் அருகில் இருந்து பார்த்துக்கொள்வது கட்டாயம்.

நிறைமாதத்தில் பிறந்த, நலமான குழந்தைக்கு இதனை வாங்கத் தேவையில்லை. பிறந்த முதல் ஒரு மணி நேரமும், அதன் பின் நாள்தோறும் கிடைக்கும் வேளைகளிலும், சாய்ந்து அமர்ந்து மார்பில் கிடத்தி, முதுகின் மேல் ஒரு மெல்லிய துணியைப் போர்த்தினாலே போதும். குறைமாதக் குழந்தையின் பெற்றோர், ஒட்டுப்பட்டை இல்லாமல் முடிச்சிட்டுக் கட்டும் வகையில் இரண்டு துணிகள் வாங்கிக்கொள்ளலாம். ஒன்று துவைத்துக் காயும்போது மற்றொன்று உதவும். எங்கள் மகள் இரண்டரைக் கிலோவைத் தாண்டியதும் கால்களை உதைத்துத் துணியிலிருந்து வெளியேற முயன்றாள். கட்டுவதை நிறுத்தலாம் என்பதற்கு அதுவே அடையாளம் என்றார் மருத்துவர், அன்றே நிறுத்தினோம்.