பழைய சாகா திணறினால்: கார்பரேட்டரைப் பிரிப்பதா, மாற்றுவதா?

பினாங்கு பாலம் திறந்ததும் முதல் புரோட்டோன் சாகா கார் வெளிவந்ததும் ஒரே ஆண்டு, 1985. அப்பா விட்டுப்போன 1.3 சாகாவை அந்தப் பாலத்தில் இன்றும் ஓட்டுகிறேன். ஒருநாள் பிறைப் பக்கம் பாலத்துக்கு ஏறும்போது எண்ணெய்ப் பெடலை அழுத்தினேன். கார் ஒரு நொடி மூச்சடைத்து நின்றுவிட்டுத்தான் பாய்ந்தது. பின்னால் லாரி. பட்டறை ஃபோர்மேன் அங்கிள், "கார்பரேட்டரையே மாத்திரு தம்பி" என்றார். நான் மாற்றவில்லை.

காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது கார்பரேட்டர். பெடலைச் சட்டென்று அழுத்தும்போது காற்று உடனே உள்ளே பாயும். பெட்ரோல் கனமானது, பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆக்சிலரேட்டர் பம்ப் ஒரு பீச்சு பெட்ரோல் அடிக்கிறது. அதன் ரப்பர் டயஃப்ரம் (சவ்வு) கிழிந்தால் திணறல்தான். சோதிப்பது எளிது: இன்ஜினை நிறுத்தி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, திராட்டிலை (பெடலோடு சேர்ந்து காற்றுக்கு வழி திறக்கும் தகட்டை) கையால் இழுத்துக்கொண்டே கார்பரேட்டர் வாய்க்குள் பாருங்கள். பெட்ரோல் பளிச்சென்று பீச்ச வேண்டும். நன்றாகப் பீச்சியும் கார் திணறினால் கார்பரேட்டரைக் குற்றம் சொல்லாதீர்கள்; வெடித்த வேக்குவம் ஹோஸையும் டிஸ்ட்ரிபியூட்டரில் தீப்பொறி நேரத்தை முன்தள்ளும் வேக்குவம் அட்வான்ஸையும் முதலில் பாருங்கள்.

என் காரில் சொட்டுக்கூட வரவில்லை. அதனால் பழையதையே பிரித்து, ஓவர்ஹால் கிட் போட்டேன்: புது டயஃப்ரம், கேஸ்கெட்டுகள், ஊசி வால்வு. ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைதான் ஜெட். அதைக் கம்பி விட்டுக் குத்தவே கூடாது. பித்தளை மென்மையானது, துளை அகன்றால் கலவை கெட்டுவிடும். கிளீனர் அடித்துக் காற்றால் ஊதினால் போதும். இந்த வழியில் எனக்குப் பிடித்ததே, இன்ஜினுக்கென்று அளந்து வைத்த ஜெட்டுகள் அப்படியே இருப்பதுதான்.

கடையில் கிடைக்கும் புது நகல் கார்பரேட்டர் ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம், ஆனால் ஜெட் அளவும் ஹோஸ் வாய்களும் ஒத்துப்போகும் என்று நம்பி வாங்க முடியாது. ஹாஃப்கட் கடையில், அதாவது பழைய கார்களை வெட்டி உதிரிபாகம் விற்கும் கடையில், எடுப்பது அசல்தான். அதன் டயஃப்ரமும் நம்முடையதைப் போலவே கிழடு. எப்படியும் கிட் வாங்கத்தான் வேண்டும்.

இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றச் சொல்பவர்களும் உண்டு; கார்பரேட்டர் இல்லாமல் கணினி சொல்லும் அளவில் பெட்ரோலைப் பீச்சும் முறை அது. காலையில் ஸ்டார்ட் ஆவது அருமையாக இருக்கும். ஆனால் அதிக அழுத்தப் பம்ப், சென்சார்கள், வயரிங், கணினிப் பெட்டி எல்லாம் புதிதாக வேண்டும். ஒரு டயஃப்ரம் கிழிந்ததற்கு இவ்வளவா?

பிரித்துப் போடுவது பயன்படாத இடம் ஒன்று உண்டு. திராட்டில் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடினால் துளை தேய்ந்துவிட்டது, அதன் வழியே காற்று புகும், எந்தக் கிட்டும் அதை அடைக்காது. லேத் கடையில் அந்தத் துளைக்குப் புஷ் (உள்வளையம்) போட ஆள் கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் ஹாஃப்கட் கடைக்குப் போங்கள். அங்கேயும் வாங்குமுன் தண்டை ஆட்டிப் பாருங்கள்.