அம்பாசடர் இன்ஜின்: வீட்டில் பிரிப்பதா, பட்டறையில் விடுவதா?

எங்கள் மார்க் 2 அம்பாசடர் நீலப்புகை கக்க ஆரம்பித்ததும், இன்ஜினை இறக்கியே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. பட்டறையில் விடாமல் வீட்டிலேயே இறக்கிப் பிரித்தேன். இன்னொரு முறை வந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

பட்டறையில் வேலை சீக்கிரம் முடியும், உடம்பு நோகாது. வீட்டில் என்றால் ஒரு டன் தூக்கும் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி), அசையாத முக்காலி, அங்குல ஸ்பேனர் செட், துணைக்கு ஓர் ஆள் வேண்டும். பழைய வீட்டு உத்தரத்தில் மட்டும் செயினை மாட்டாதீர்கள்.

என்னை வீட்டுப் பக்கம் சாய்த்தது ஒரே விஷயம்: எந்த உருப்படி எங்கிருந்து வந்ததோ, அதே இடத்துக்குத் திரும்பவேண்டும். இந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) தாங்கும் மெயின் பேரிங் மூன்று, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு நான்கு. இவை ஒவ்வொன்றையும் கீழிருந்து மூடிப் பிடிக்கும் அரைவட்டத் துண்டுதான் கேப்; அதை அதனதன் இடத்தில் முடுக்கி வைத்துத்தான் துளையைக் கடைந்திருப்பார்கள். கேப் மாறினால் துளை சரியான வட்டமாக நிற்காது. புது பேரிங் போட்டாலும் கிராங்க் இறுகும், இல்லாவிட்டால் பேரிங் சீக்கிரம் தேயும். வால்வைத் திறக்கும் தள்ளலை வாங்கும் டேப்பெட்டுகளும் அப்படியே, ஒவ்வொன்றும் தன் கேமோடு (அதைத் தள்ளும் மேடு) உரசிப் பழகியிருக்கும்.

பட்டறையில் நாலு வண்டி ஒன்றாகப் பிரிந்து கிடக்கும், எல்லாம் ஒரே டீசல் தட்டில் ஊறும். நான் சம்ப்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறக்கிப் பார்த்தபோது, முன்பு எங்கோ நடந்த வேலையில் இரண்டாம் ராடின் கேப் மூன்றாவதில் ஏறியிருந்தது. மனசே ஆறவில்லை. அதனால் அட்டைப்பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு, 1 முதல் 8 வரை எழுதி, டேப்பெட்டின் தள்ளலை மேலே கொண்டுபோகும் புஷ் ராடுகளைச் செருகினேன். டேப்பெட்டுகளை எண் எழுதிய டப்பாக்களில் போட்டேன். ராடு வெளியே வந்ததும் அதன் கேப்பை அதிலேயே மாட்டினேன்.

அப்புறம் ஒன்று: ராக்கர் ஷாப்டை (வால்வை அழுத்தும் ராக்கர்கள் கோத்த தண்டு) பிடிக்கும் நட்டுகளில் நாலு, ஹெட்டையும் (இன்ஜினின் மேல்மூடி) சேர்த்துப் பிடிப்பவை. ராக்கரை மட்டும் கழற்றுவதானாலும் முதலில் தண்ணீரை வடித்து, ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும். அவசர வேலையில் அது கிடைப்பதில்லை.

சிலிண்டரைக் கடைந்து போர் போடுவதும் கிராங்கைத் தேய்த்துச் சீராக்கும் கிரைண்டிங்கும் எப்படியும் லேத்துக்குத்தான் போகும், அதில் இரண்டு வழியும் ஒன்று. கூலி மிச்சம்தான், ஆனால் எனக்கு ஐந்து ஞாயிறு போனது. நான் பிரித்தது இந்த ஒரே இன்ஜின்தான், டீசல் அம்பாசடருக்கும் இதையே சொல்ல எனக்கு அனுபவம் போதாது. தினமும் ஓடவேண்டிய வண்டி என்றால் பட்டறைதான் சரி. பிரிக்கும் அன்று மட்டும் பக்கத்தில் நின்று, கேப்களுக்கு நீங்களே எண் போட்டுவிடுங்கள்.