பாளையங்கோட்டை மாடி ஜிம்: மூன்று மாத அனுபவம்

போன வருடம் வேறொரு ஜிம்மில் சேர்ந்த அன்றைக்கே டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கிற எடையைக் குனிந்து தூக்கி நிமிர்வது) எடுக்க விட்டார்கள், இடுப்பு பிடித்துக்கொண்டு பத்து நாள் குனிய முடியவில்லை. அந்தப் பயத்தோடுதான் பாளை மார்க்கெட் பக்கம் இருக்கிற இந்த மாடி ஜிம்முக்குப் போனேன். மாஸ்டர் முதல் வாரம் இரும்பைத் தொடவே விடவில்லை. பத்து நிமிடம் வார்ம் அப், அப்புறம் ஒரு கம்பை முதுகோடு சேர்த்துப் பிடித்து, பின்தலை, மேல் முதுகு, வால் எலும்பு மூன்றும் கம்பை விட்டு விலகாமல் குனியச் சொன்னார். "அண்ணாச்சி, முதுகை வளைக்காதிய, இடுப்பைப் பின்னால தள்ளுங்க" என்று இருபது தடவையாவது சொல்லியிருப்பார். என் தப்பு எங்கே என்று அந்தக் கம்பில்தான் எனக்குப் பிடிபட்டது.

மறுநாள் தசை வலித்தால் சகஜம், இரண்டு மூன்று நாளில் போய்விடும், ஆனால் மூட்டில் குத்துகிற மாதிரி வலித்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறார். தூக்குகிற எடையும் 2.5 கிலோ, 2.5 கிலோவாகத்தான் ஏறும். அவசரப்பட்டால் விட மாட்டார், அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

குறை என்றால் தகரக் கூரைதான். சித்திரை வெயிலில் சாயங்காலம் 4 மணிக்கு உள்ளே நிற்க முடியாது. காலை 5.30-க்கே போங்கள், தண்ணீர் கையோடு கொண்டு போங்கள்.